விரியாத வான்குடை

தெருவில் ஐம்பத்தாறு டிகிரி. தார்ச்சாலையில் கட்டம் போட்டு, பிள்ளைகள் வெறுங்காலோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நெற்றியிலும் வியர்வை இல்லை. செல்லக்கனி குளிரகத்தின் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, மகள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குளிரகத்தின் கதவைத் தாண்டி வெளியே போய் ஒன்பது வருடமாகிறது. பாளையங்கோட்டையில் அவளைப் போல இந்தச் சூடு தாங்காத பழைய உடம்புக்காரர்கள் முந்நூறு பேர்தான் மிச்சம்.

அவளுடைய மூத்த பிள்ளை மூன்று வயதில் போய்விட்டான். ஒரு சித்திரை மாதம் நாலு மணி நேரம் மின்சாரம் நின்றது. அவள் மடியிலேயே அடங்கிப்போனான். அடுத்து மகள் ஆவுடை வயிற்றில் இருந்தபோது, டாக்டர் வெப்ப ஊசியைப் பற்றிச் சொன்னார். சூட்டில் உடம்பின் புரதங்கள் குலையாமல் காக்கும் மரபணுவைக் கருவிலேயே சேர்த்துவிடும் ஊசி. செல்லக்கனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பிள்ள பொழச்சிருமா?"

பிழைத்தது. அந்தத் தலைமுறையே பிழைத்தது.

ஆவுடை இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஆறு மாத வயிறு முன்னால் தெரிந்தது. வந்ததுமே குளிரில் உதடு நடுங்கியது.

"உக்காருட்டி. கம்பளி தரட்டா?"

"வேண்டாம்மா. பத்து நிமிசந்தான். ஒண்ணு சொல்லணும்." ஆவுடை தரையைப் பார்த்தாள். "வான்குடைய விரிக்கப் போறதில்ல."

வான்குடை என்பது வானத்தின் உச்சியில் தூவவிருந்த வெண்துகள் படலம். வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பன்னிரண்டு வருட வேலை. ஆவுடை அதில் பொறியாளர். இந்த ஆண்டு விரிக்காவிட்டால் வெயில் அறுபதைத் தாண்டும். குளிரக இயந்திரங்கள் ஐம்பத்தெட்டுக்கு மேல் தாங்காது.

"என்னட்டி சொல்லுத? எல்லாம் தயாருன்னியே?"

"தயார்தான். ஓட்டெடுத்தாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் வேண்டாம்னுட்டாங்க."

"நீ?"

ஆவுடை ஸ்வெட்டரை வயிற்றின்மேல் இழுத்துவிட்டாள்.

"நானும்தாம்மா. ஒனக்காகத்தான் அந்த வேலைலயே சேந்தேன். ஆனா இந்தப் பிள்ளைக்கு எங்கிட்டருந்தும் அவரிட்டருந்தும் ரெண்டு பக்கமும் அந்த மரபணு வந்துருக்கு. இரட்டிப்பா வேல செய்யுதாம். இப்பப் பொறக்குற எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான். பொறந்த பெறவு வெளிச்சூடு நாப்பதுக்குக் கீழ போனா இதயம் நின்னுரும்னு டாக்டர் சொல்லுதாரு. குடைய விரிச்சா மார்கழில இருபத்தஞ்சுக்கு வந்துரும்."

அவள் அழுதாள். வெப்ப ஊசிப் பிள்ளைகளுக்குக் கண்ணீரும் குறைவு. ஒரு சொட்டு பாதிக் கன்னம் வருவதற்குள் உலர்ந்தது.

செல்லக்கனி கோபத்தைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. டாக்டரின் மேசை முன்னால் தானும் பிள்ளை பிழைக்குமா என்று மட்டும்தானே கேட்டாள். அன்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றியோ, நாளை பிறக்கப்போகும் ஊரைப் பற்றியோ அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"பொம்பளப் பிள்ளையா?"

"ஆமா."

மகளின் வயிற்றில் கை வைத்தாள். கடும் காய்ச்சல்காரியைத் தொட்டது போலிருந்தது. உள்ளே அசைவே இல்லை.

"இங்க வந்தா அசையாதும்மா. குளுந்து சுருண்டுக்கும். நான் கெளம்புதேன்."

இனி எத்தனை தடவை வருவாள்? செல்லக்கனி எழுந்து சுவரிலிருந்த குளிர்விசையை அணைத்தாள்.

"அம்மா! என்ன செய்யுத?"

"கொஞ்ச நேரம் இரிட்டி."

அறையின் சூடு ஏறியது. முப்பத்துமூன்று. முப்பத்தெட்டு. ஆவுடை வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆனால் அவள் பற்கள் கிட்டுவது நின்றது. முதல் ஸ்வெட்டரைக் கழற்றினாள். நாற்பத்திரண்டில் இரண்டாவதையும் கழற்றினாள். செல்லக்கனியின் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காதுக்குள் ஏதோ இரைந்தது.

"போதும்மா, விசையப் போடு. ஒன் மொகமே செவந்துட்டு."

"இன்னும் ஒரு நிமிசம்," என்றாள் செல்லக்கனி.

அவள் உள்ளங்கைக்கு அடியில் பேத்தி உதைத்தாள்.