காலடி மண்

மிளகாய் எரிந்தது. நெடி வரவில்லை.

இரும்புச் சட்டித் தணலில் ஒரு கை வரமிளகாயும் கல்லுப்பும் கடுகும், வழியனுப்ப வந்தவர்களின் காலடி மண்ணும் வெடித்துக் கருகியும், வாசலில் நின்ற மூன்று பெண்களில் ஒருத்திக்கும் தும்மல் வரவில்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ரப்பர் காயும் வாடை வழக்கம்போல் வந்தது. மழைக்கு முந்திய புழுக்கம் வந்தது. மிளகாய் மட்டும் மணக்கவில்லை. கோமதியம்மாள் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தாள். தொண்டையில் ஒன்றும் காறவில்லை.

"கண்ணு கழிஞ்சிருந்தா இந்நேரம் இருமினு இருப்போம்," என்றாள் வீட்டுச் சொந்தக்காரி கிளியம்மாள். "பலமா பட்டுகீது. இன்னும் எறங்கல. யார் மண்ணு வுட்டுப் போச்சு?"

தணலுக்கு முன்னால் மகளின் துப்பட்டாவை ஏந்தி நின்ற செல்லக்கனி, கோமதியம்மாளின் கொழுந்தன் மனைவி. அவள் குடும்பம் கீழ்வீட்டில், கோமதியம்மாள் மாடியில். செல்லக்கனியின் மகள் ரஞ்சனி படிப்புக்காகத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் இருக்கிறாள். மரங்களில் கேமரா கட்டுவதும், மண்ணில் தடம் பார்த்துக் கழுதைப்புலிகளைக் கணக்கெடுப்பதும் அவள் வேலை. சில நாட்களாகப் பொழுது சாய்ந்தால் அவள் கூடாரத்தை ஏதோ சுற்றி வருகிறது. அதற்காகத்தான் இந்தத் தணல்.

"மாரிசெல்வி மண்ணு மட்டுந்தான் எடுக்கல," என்றாள் செல்லக்கனி தணிந்த குரலில். "கோவிச்சுக்காதீங்கக்கா. எல்லாரு மண்ணும் எடுத்தாச்சு. வீட்டுப் பிள்ளை மண்ணும் சேந்துட்டா மனசு அடங்கிரும்."

"என் மக கண்ணு கொள்ளிக்கண்ணுங்கியா?"

"அப்படிச் சொல்லுவேனாக்கா?"

"வெள்ளிக்கிழமை அவளைப் பொண்ணு பாக்க வாராக. அவ காலடி மண்ணை அள்ளுனாகன்னு தெருவுல ஒருத்தி வாயைத் தொறந்தாப் போதும்." கோமதியம்மாள் செருப்பைக் கழற்றி ஈர மண்ணில் காலை அழுத்தி வைத்தாள். "என் மண்ணை எடுத்துக்கோ. மூத்தவ நான்."

"அள்ளு, செல்லக்கனி," என்றாள் கிளியம்மாள். "இம்மாம் பெரிய மனுசி மண்ணு. மிளகாயே பயந்து தும்மும்."

யாரும் சிரிக்கவில்லை. மண் விழுந்தது. புகை எழுந்தது. நெடி இல்லை.

நிமிர்ந்த முதுகோடு கோமதியம்மாள் மாடிப்படி ஏறினாள். தன் மண்ணுக்கு நெடி வந்துவிடும் என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள். ஏனென்றால் கண் வைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன், ரஞ்சனி படிக்கும் அதே கல்லூரியிலிருந்து, அதே காப்பகத்துக்குப் போக முதலில் தேர்வானவள் மாரிசெல்வி. "வயசுப் பிள்ளை வேத்தாளுகளோட காட்டுல கூடாரம் போட்டுப் படுக்கதா? நம்ம குடும்பத்துல அது கிடையாது," என்று கோமதியம்மாள் ஒரே பேச்சில் முடித்தாள். மாரி அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. படிப்பை முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்தில் லைன் வேலைக்குப் போனாள். இப்போது ரஞ்சனி போனதும், அன்று கோமதியம்மாளின் பேச்சுக்குத் தலையாட்டிய அதே சொந்தக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். தெருமுனையில் கொழுந்தன் பேனர் வைத்தான். காண்டாமிருகக் குட்டியின் பக்கத்தில் ரஞ்சனி சிரித்துக்கொண்டு நின்றாள். ரேஷன் கடைக்குப் போகும்போதெல்லாம் கோமதியம்மாள் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். பாதியில் திரும்பி வரட்டும், முகம் கருத்து வரட்டும் என்று அவள் நினைத்தது ஒரு நாள் இரு நாள் இல்லை.

வீடு இருட்டிக் கிடந்தது. முதல் ஷிப்ட் முடிந்து வந்த மாரி மதியம் சாத்திய அறைக்கதவு இன்னும் சாத்தியே இருந்தது. சில நாட்களாக அவள் இப்படித்தான், சோற்றைத் தொடாமல் படுத்துவிடுகிறாள். கோமதியம்மாள் விளக்கைப் போடக் கை நீட்டி, நின்றாள். கதவின் அடியிலிருந்து வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை வந்தது. அதற்கும் அடியில் வேறொன்று, நனைந்த மயிரும் பழைய ரத்தமும் கலந்த வாடை, ஈ மொய்க்கும் கறிக்கடைப் பலகையை முகத்துக்கு நேரே பிடித்ததுபோல். உள்ளே மின்விசிறி ஓடியது. அதன் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம், நடப்பதும் நிற்பதும் மறுபடி நடப்பதுமாக, ஒரு வட்டத்தில்.

"மாரி."

நடை நின்றது.

படியில் செல்லக்கனி ஓடி வந்தாள். கையில் போன். திரையில் ரஞ்சனியின் முகம், பின்னால் கூடாரத் துணி. இங்கே மணி ஒன்பதரை, அங்கே இப்போதுதான் இருட்டுகிறது.

"பெரியம்மா, சாப்ட்டீங்களா?" பெண் சிரிக்கப் பார்த்தாள். "கழுதைப்புலின்னுதான் நெனச்சேன். இன்னிக்குத் தடம் பாத்தேன். அம்மாக்கு அனுப்பிருக்கேன், பாருங்க. இங்க யாரும் வெறுங்காலோட நடக்க மாட்டாங்க."

செல்லக்கனி படத்தைத் திறந்து நீட்டினாள். சிவந்த சேறு. கூடாரத்தைச் சுற்றி மனிதக் காலடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிப் படுத்திருந்தது.

கோமதியம்மாள் போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பச்சைப்பிள்ளையாகக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, எண்ணெய் தொட்டு அவள் தினமும் நீவி இழுத்துவிட்ட விரல் அது. நேராகவே இல்லை.

செல்லக்கனி படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு காலுன்னு தெரிஞ்சாப் போதும்க்கா. பேரைச் சொல்லி அந்த மண்ணை அங்கயே தீயில போட்டுருவா. எம் பிள்ளை பொழைச்சிரும்."

ஒரு பெயர். சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள். தெரு. கொழுந்தன் வீட்டு வாசலில் தன் மகளின் பெயர்.

"எனக்குத் தெரியல," என்றாள் கோமதியம்மாள். "அங்க வேலை செய்யுதவுக யாராவது இருக்கும்."

"இருங்க பெரியம்மா," என்றாள் ரஞ்சனி. "வெளியில..."

திரை ஆடியது. துணி. கூரை. ஒரு கை. காய்ந்த புல் நொறுங்கும் சத்தம், மெல்ல, வட்டமாக.

அறைக்குள்ளும் அதே சத்தம்.

போனில் நின்றது. அறைக்குள்ளும் நின்றது.

ஜிப் இழுபடும் ஓசை. ரஞ்சனி, "அக்கா?" என்றாள். பயமில்லாமல், தெரிந்தவரைக் கண்ட வியப்போடு.

திரை கறுத்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

"ஏட்டி. ரஞ்சனி. ஏட்டி." செல்லக்கனி போனை உலுக்கினாள். பிறகு தலை தூக்கினாள். "மாரி உள்ளதான் இருக்காளாக்கா?"

கோமதியம்மாள் கதவைத் திறந்தாள். ஒரு கை அகலம்.

பாயில் மாரி மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. கைகள் பக்கத்தில். நல்ல உறக்கம். தாடை மட்டும் அசைந்தது. மெதுவாக. இரண்டு பக்கமும். பசி தீர்கிறவளைப் போல்.

கோமதியம்மாள் கதவை இழுத்துச் சாத்தி, முதுகை அதில் பதித்து நிமிர்ந்து நின்றாள்.

"தூங்குதா," என்றாள். "எம் மக தூங்குதா."

முதுகுக்குப் பின்னாலும் செல்லக்கனியின் கையிலிருந்த போனிலும், ஒரே நேரத்தில், ஓர் எலும்பு முறிந்தது.