முறிமருந்து

ரஞ்சித்குமார் முதல் களி உருண்டையை விழுங்கப்போன நேரத்தில் அவன் அம்மா பெரியம்மாள் அதைக் கையிலிருந்து பிடுங்கிப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே களிச் சூட்டில் பாதி கரைந்துபோன ஒரு மாத்திரை இருந்தது.

"எம்புள்ள எளச்சுத் துரும்பாப் போறானேன்னு தவிச்சேனே... மருந்து வெக்கறாடா உம்பொண்டாட்டி."

புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள மனைவி சோற்றில் வசிய மருந்து வைப்பாள் என்பது பெரியம்மாளின் உறுதியான நம்பிக்கை. களியை யாரும் மெல்லுவதில்லை, அப்படியே விழுங்குவார்கள் என்பதால்தான் அவன் மனைவி பானுமதி, மாமியார் கண்ணில் படாமல் தினமும் மாத்திரையை உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தாள். அது எச்.ஐ.வி. மாத்திரை. வடக்கே போர்வெல் லாரி வேலைக்குப் போன இடத்தில் ரஞ்சித்குமாருக்குத் தொற்றிய நோய். அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சொல்லி மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இப்போது அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மகராசன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே பெரியம்மாள் மகனைப் பொம்மிடிக்கு அந்தப் பக்கம் வசிய மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிற ஒருத்தியிடம் கூட்டிப்போய் வாந்தி எடுக்க வைத்தாள். ஒரு மண்டலம் பத்தியம் என்றாள் அவள். வேறு மாத்திரை தொடக்கூடாது, பெண்டாட்டி கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது.

பானுமதி அழுதாள். தன் பேர் கெட்டதற்காக அல்ல. ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் அப்புறம் அந்த மாத்திரையே கேட்காமல் போய்விடும் என்று தர்மபுரி ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மறைவாக நீட்டினாலும் அவன் வாங்கவில்லை. அம்மா பார்த்துவிடுவாளாம். பயத்துக்கு மட்டும் அவனிடம் குறைவே இல்லை.

பத்தியம் முடிவதற்குள் காய்ச்சலும் இருமலுமாக அவன் படுக்கையில் விழுந்தான். பெரியம்மாள் ஆடிப்போனாள். அப்போதுதான் பானுமதி, ஒளித்து வைத்திருந்த மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மாமியார் காலடியில் வைத்தாள்.

"ஆமாங்க அத்தை... நாந்தான் மருந்து வெச்சேன். இது அதுக்கு முறிமருந்து. தெனம் ஒண்ணு உங்க கையால குடுங்க. ஒருநாள் உட்டாலும் அவரு பொழைக்க மாட்டாருங்க."

சத்தியத்தையும் புருஷனையும் சேர்த்துக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்த ஒரே பொய் அது. கன்னத்தில் விழுந்த அறையை வாங்கிக்கொண்டு, கட்டிய புடவையோடு இண்டூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். வசியக்காரி என்ற பேர் அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணி அவளை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. அந்த வீட்டிலிருந்தபடியே, டப்பா தீருமுன் அடுத்ததை வாங்கி ஆள் மூலம் அனுப்பினாள்.

பெரியம்மாள் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் மகன் வாயில் மாத்திரையைப் போடுவாள், கூடவே மருமகளுக்கு நாலு சாபமும் விடுவாள். மகன் தேறி எழுந்து நடமாடினான். ஆனால் சாபங்களைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் தாங்க முடியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பானுமதிக்கு நோய் இல்லை, அவள் தாங்கியது தன் பழியை என்றும் சொன்னான்.

மறுநாள் பெரியம்மாள் இண்டூரில் வந்து இறங்கினாள். மருமகளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள்.

"நெசத்தச் சொல்லியிருக்கலாமே, பாவி மகளே..."

"சத்தியத்த மீற முடியலைங்க அத்தை. இப்பிடிச் சொன்னாத்தான் நீங்க ஒருநாளும் மறக்க மாட்டீங்க."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வூட்டுக்குப் போகலாம் வா என்று பெரியம்மாள் இழுத்தாள். பானுமதி நகரவில்லை. அவர் எங்கே என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறான், உன் முகத்தில் விழிக்கப் பயப்படுகிறான் என்றாள் மாமியார்.

"நோயப் பத்தி யார்கிட்டயும் சொல்ல வேணாங்க. எம்பொண்டாட்டி மருந்து வெக்கலன்னு மட்டும் எங்க அண்ணி முன்னால சொல்லட்டும். அப்புறம் வர்றேன். அதுவரைக்கும் மாத்திரய நீங்களே குடுங்க அத்தை."

பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனை இழுத்துவரப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.