திரும்பிப் பார்த்தால் வடை கிடையாது

வில்பிரட் சாருக்குப் பல்லவர்களைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. தாம்பரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் சரித்திர ஆசிரியர். பாறையைக் குடைந்து கோயில் செய்த கதையை அவர் ஆரம்பித்தால் கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். வீட்டிலும் சொல்வார். சோறு பிசைந்த கையோடு சொல்வார். ரசம் ஆறிப்போகும்.

"செங்கல்பட்டுல இறங்கி வல்லத்துக்குப் போனா, குன்று மேல குகைக் கோயில். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருநாள் எல்லாரும் போலாம்" என்பார்.

"நீங்க பார்த்திருக்கீங்களாப்பா?" என்று ஒரு தடவை ஞானஜோதி கேட்டாள். அவளுக்குப் பத்து வயது.

"புத்தகத்துல பார்த்திருக்கேன்" என்றார் அப்பா. பிறகு ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்த வருஷம் மட்டும் மூன்று சனிக்கிழமைகள் குறித்தாகிவிட்டது. முதல் சனிக்கிழமை, மேகமாக இருக்கிறது என்றார். வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம் இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை, பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்றார். மூன்றாவதில் அம்மா தபீதாள் எலுமிச்சை சாதமே கிளறி முடித்துவிட்டாள். அப்பா, ரயிலில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிட்டார். எலுமிச்சை சாதத்தை வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"குகை எங்கே?" என்று கேட்டான் ஆறு வயதுத் தம்பி லாசரஸ். அப்பா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவும் ஜோதியும் கடைக்குப் போனார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு கூட்ஸ் வண்டி வந்து குறுக்கே நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆகியும் நகரவில்லை.

"ஓவர்பிரிட்ஜ்ல ஏறிப் போலாம்ப்பா."

அப்பா தயங்கினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாலத்தின் நடுவிலேயே நேர்கோடு போட்டதுபோல நடந்தார். பலகை இடுக்கில் கீழே தண்டவாளம் தெரிந்தது. அப்பாவின் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஜோதியின் விரல்கள் வலித்தன. நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கண்ணை முக்கால்வாசி மூடியிருந்தார்.

ஜோதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேகமும் இல்லை, பரீட்சைப் பேப்பரும் இல்லை. அப்பாவுக்கு உயரம் என்றால் பயம்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். அப்பாவே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் குகையை அப்பாவைவிட ஆசையாகப் பார்க்க ஊரில் வேறு ஆள் உண்டா? அதற்கு ஏதாவது செய்ய வேண்டும்.

மறுநாள் சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஒரு தாளை அப்பா முன்னால் வைத்தாள். "இந்தத் தடவை பிளான் நான் போட்டிருக்கேன்" என்றாள்.

அப்பா வாசித்தார். சனிக்கிழமை காலை ஏழு மணி ரயில். படி ஏறும்போது அப்பா முதலில், பாறைப் பக்கமாக. அடுத்து ஜோதி. அப்புறம் லாசரஸ், அம்மா. கடைசியில் ஒரு சட்டம் இருந்தது: ஏறும்போது யாரும் பின்னால் திரும்பவோ கீழே பார்க்கவோ கூடாது. பார்த்தவர்களுக்கு வடை கிடையாது.

"இந்தச் சட்டம் யாருக்கு?" என்றார் அப்பா மெதுவாக.

"லாசரஸுக்குத்தான். அவன் சும்மா வரமாட்டான் இல்ல?"

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி" என்றார்.

சனிக்கிழமை மேகம் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வல்லத்தில் குன்றைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. படிகளைப் பார்த்ததும் வாடியது. பிடித்துக்கொள்ளக் கம்பி எதுவும் இல்லை. பாறையைத் தொட்டுத் தொட்டு ஏறினார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா ஏன் நிக்கிறாரு?" என்றான் லாசரஸ்.

ஜோதி அவசரமாக யோசித்தாள். அப்பாவுக்குப் பொறுக்க முடியாத விஷயம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

"அப்பா, இந்தக் குகையைச் சோழர்கள்தானே வெட்டினாங்க?"

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "யாரு சொன்னது?"

"எங்க கிளாஸ்ல பேசிக்கிட்டாங்க."

"பல்லவர் காலம். சோழர்கள் பெரிசா வந்ததே அப்புறம்தான்" என்று சொல்லிக்கொண்டே நாலு படி ஏறினார்.

"அப்போ செங்கல் அடுக்கித்தானே கட்டினாங்க?"

"செங்கல்லா? ஒரே பாறை. உளியால குடைஞ்சது." ஆறு படி.

"சிமெண்ட்டே போடலையா?"

"சிமெண்ட்டா?" அப்பா கிட்டத்தட்ட ஓடினார். அவர் ஒன்பதாவது காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காலடியில் படி தீர்ந்துவிட்டது.

எதிரே குகை. இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. கனமான சதுரத் தூண்கள் நின்றன. அப்பா பேச்சை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்தார். அங்கேயே நின்றார். அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து ஜோதி பார்த்ததே இல்லை.

சுற்றிப் பார்த்துவிட்டு வடையும் தின்றார்கள். யாருக்கும் குறைக்கவில்லை. பிறகு இறங்க வேண்டும். படி ஓரத்துக்கு வந்த அப்பா கீழே பார்த்துவிட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். சோழர்களைச் சொல்லியும் பயனில்லை.

"தபீதா" என்றார். "ஒண்ணு சொல்லணும். எனக்கு உயரம்னா ரொம்பப் பயம். அதனாலதான் இத்தனை நாள் சாக்கு சொன்னேன்."

"எனக்கும் இப்ப கீழே பார்த்தா தலை சுத்துது" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன பண்றது?"

"நிக்கத்தானே பயம்? உட்கார்ந்துக்கிட்டே இறங்கலாம்" என்றாள் ஜோதி.

ஒரு படியில் உட்கார்ந்து, காலை அடுத்த படியில் வைத்து, மெல்ல நகர்ந்தாள். அப்பா நகர்ந்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்தாள். நடந்தே இறங்கத் தெரிந்த லாசரஸும், இதுதான் நல்ல விளையாட்டு என்று உட்கார்ந்துகொண்டான். பாதி வழியில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

கீழே வந்து எழுந்தபோது அப்பாவின் பேண்ட் பின்பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது. சாப்பாட்டுப் பையால் மறைத்துக்கொண்டே ஸ்டேஷன் வரை நடந்தார்.

ரயில் புறப்பட்டதும், "திருக்கழுக்குன்றத்துல எத்தனை படி இருக்கும்?" என்று கேட்டார்.

"ஐநூறுக்கு மேலன்னு சொல்றாங்க" என்றாள் அம்மா.

அப்பா பேண்ட் கிழிசலைத் தடவிப் பார்த்தார். "அப்போ கெட்டித் துணியில ஒரு பேண்ட் தைக்கணும்" என்றார்.