ஆதவனுக்கு விழுந்த தீர்ப்பு

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் நீதிமன்றம் கிடையாது. வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஓடும் தொடர்தான் நீதிமன்றம். யாராவது புகார் கொடுத்தால், கதைமாற்றி என்னும் இயந்திரம் ஆட்களின் பெயர், முகம், தொழில் எல்லாவற்றையும் மாற்றி, நடந்ததை மட்டும் அப்படியே வைத்து நாடகமாக்கிவிடும். பார்க்கிறவர்களின் காதுக்குப் பின்னால் பதித்த உளமணி அவர்களுடைய கோபத்தையும் இரக்கத்தையும் எடை போடும். எடை சாயும் பக்கமே தீர்ப்பு. சம்பந்தப்பட்டவர்களும் பார்க்கலாம். திரையில் தன்னை அடையாளம் கண்டுகொண்டவன் இதுவரை ஒருவனும் இல்லை என்பதால், அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

பேச்சியப்பன் சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன். உடம்பில் ஒட்டிய சிவப்புப் புழுதியோடே தட்டை வாங்கிக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தான். பாசிக்களியை வைத்துக் குழம்பு ஊற்றினாள் மனைவி சித்திரைக்கனி. அவளுக்குப் பாரந்தூக்கி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. ஆனால் கூடாரத்துக்கு வெளியே கால் வைக்கத் தலைக்கவசம் வேண்டும். அவளுடையது புருஷனின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. வாரக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்கு.

தொடரின் நாயகன் ஆதவன் பட்டுச் சட்டை போட்ட நகை வியாபாரி. மனைவி மேகலாவுக்குக் காய்ச்சல் என்றால் தானே கஞ்சி வைப்பான். "ஆம்பளன்னா இவம்ல ஆம்பள" என்று பேச்சியப்பன் சுரங்கம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். மேகலாவுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. ஆதவன் அவள் தலைக்கவசத்தை ஒளித்து வைத்தான். அன்றிலிருந்து பேச்சியப்பனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

அன்று கடைசிப் பகுதி. "ஒனக்கு வெளியே ஏதாவது ஆயிட்டா நான் என்ன செய்வேன் மேகலா?" என்று அழுதான் ஆதவன். அன்று காலையிலும் பேச்சியப்பன் கனியிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

கனியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "பாவம், அழுதாம்லா. பாசத்துலதான பூட்டி வச்சிருக்கான்?" கேட்டுவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

"பாசமா? நீலிக்கண்ணீர நம்பாதட்டி! அவ சம்பாதிச்சா தன்ன மதிக்க மாட்டான்னு பயம். பாசமாம் பாசம், மண்ணாங்கட்டி!"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? இவன் கவசத்தப் புடுங்கணும். வருசம் பூரா உள்ளயே கெடந்து நாறட்டும், செத்த மூதி!"

திரையைப் பார்த்துக் காறித் துப்பினான். அறைக்கு அறை இதே கூச்சல்.

அவன் கை கழுவுவதற்குள் காவலர் இருவர் வந்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து கனியின் கவசத்தை அவளிடம் கொடுத்தார்கள். ஆணியில் தொங்கிய அவனுடையதை எடுத்துக்கொண்டார்கள்.

பேச்சியப்பன் சிரித்தான். "ஐயா, ஆளு மாறி வந்துட்டீக. அந்தப் பய நகை வியாபாரி."

"மாறல வே. புகார் கொடுத்தது உம்ம வீட்டம்மா. கோபம் அதிகமாப் பதிவானதும் உம்ம காதுலதான். தண்டனையும் நீரு சொன்னதுதான், ஒரு வருசம்."

"அவன் வேற, நான் வேறய்யா! நான் இவ மேல வச்சிருக்கது நெசமான பாசம்!"

"அவனும் அதத்தான் சொன்னான்."

கனி கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "மிச்சக் களி சட்டியில இருக்கு" என்றதோடு சரி.

பேச்சியப்பன் விடவில்லை. வேலைக்குப் போகிறேன் என்று மனைவி தன்னைத் தவிக்கவிடுகிறாள், தண்டனையை நீக்க வேண்டும் என்று எதிர்ப்புகார் கொடுத்தான். ஊரே தன் பக்கம் நிற்கும் என்று நம்பிக் காத்திருந்தான்.

புதுத் தொடர் தொடங்கியது. தொப்பை வைத்த நாட்டியக்காரன் ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்து, மனைவி விமானம் ஓட்டப் போய்விட்டாள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். பேச்சியப்பன் கொஞ்ச நேரம்தான் பொறுத்தான்.

"தூ! பொஞ்சாதி வேலைக்குப் போனா ஒனக்கு எங்கல நோவுது? ஒப்பாரி வைக்கான் பாரு, வெக்கங்கெட்ட பய!"

காதுக்குப் பின்னால் உளமணி சுருக்கென்று சுட்டது. சொறிந்துகொண்டே இன்னும் சத்தமாகத் திட்டினான்.