ஐம்பது ஆண்டுத் துக்கம்

மேற்கே செவ்வானம் மங்கி, கிழக்கே கருங்கோட்டு மலையின் மேல் முழுமதி எழுந்த அந்த அந்தி வேளையில், வெண்ணுரையாற்றின் தென்கரையில் குறளர் சேனையின் ஆயிரம் கூடாரங்களும் ஆரவாரமின்றி நின்றன. மலையைக் குடைந்து நகரமைத்து வாழும் குள்ள உருவத்தினரான அம்மக்கள், பொழுது விடிந்ததும் ஆற்றைக் கடந்து, வடகரையில் இயக்கர்கள் வாழும் நீலவனத்தைத் தீக்கிரையாக்கக் காத்திருந்தார்கள். அதைத் தடுத்தே தீருவதென்று, வெண்பட்டு உடுத்திய நெடிய பெண்ணொருத்தி தன்னந்தனியே ஓடத்தில் வந்து இறங்கினாள். அவள் இயக்கர் குல இளவரசி நறுங்கோதை.

காவலர்கள் அவளை அரசரின் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே, நரைத்த தாடி மார்பில் புரள, மடியில் போர்க்கோடரியுடன் ஒரு கிழவர் அமர்ந்திருந்தார். அவளைக் கண்டதும் அவர் எழ முயன்று, மீண்டும் இருக்கையிலேயே சாய்ந்தார். முதுமையின் தளர்ச்சி என்றுதான் அவள் எண்ணினாள்.

"வேந்தே, தங்கள் குலத்து இளவரசர் கல்லெழினியை நான் காண வேண்டும். அவர் என்னை மணப்பதாக வாக்களித்தவர். அவர் சொன்னால் இந்தப் போர் நின்றுவிடும்."

"வாக்களித்தவன் ஏன் மணக்கவில்லை, தேவி?"

"என் தந்தை காலமானார். துக்கம் கழியும்வரை சற்றுப் பொறுத்திருக்கச் சொன்னேன். நேற்றுத்தான் கழிந்தது."

"எத்தனை காலம் அந்தத் துக்கம்?"

"எங்கள் வழக்கப்படி ஐம்பது ஆண்டுகள்தாம்."

வாசகர்களே, இந்தப் பெண்ணின் பேதைமையைக் கண்டு சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். இயக்கர்கள் ஆயிரம் ஆண்டு வாழ்பவர்கள். குறளரோ எண்பதைத் தொடுவதே அபூர்வம். வனத்தை விட்டு வெளியே வராதவளுக்கு அது எப்படித் தெரியும்? அதைச் சொல்ல அந்த இளவரசனுக்கும் அன்று தோன்றவில்லை. காதலிக்கும்போது ஆயுளைப் பற்றி யார்தான் பேசுகிறார்கள்!

"மூன்று தூதர்களை அனுப்பினேன்," என்றார் கிழவர். "மூவருக்கும் 'இன்னும் சிறிது காலம்' என்றே உங்கள் அரண்மனையில் பதில் சொன்னார்கள். எங்கள் அரசனை ஏளனம் செய்கிறார்கள் என்று என் மக்கள் கொதித்தெழுந்தார்கள். எத்தனை நாள்தான் அவர்களை அடக்குவேன்? கடைசியில் எனக்கே அது ஏளனம் என்று தோன்றிவிட்டது, கோதை."

அந்தப் பெயரைச் சுருக்கி அழைக்கும் உரிமை உலகில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. நறுங்கோதை அருகே சென்று, சுருக்கம் விழுந்த அந்த முகத்தை இரு கைகளாலும் ஏந்திப் பார்த்தாள். கண்கள் மட்டும் மாறவில்லை. "ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்!" என்று வாய்விட்டு அழுதாள்.

கல்லெழினி எழுந்து, தள்ளாடியபடியே வாயிலுக்குச் சென்று தளபதியை அழைத்தார். எடுத்த கோடரியைப் போரிடாமல் கீழே வைக்கும் அரசன் முடியையும் துறக்க வேண்டும் என்பது குறளர் சட்டம். அவர் இரண்டையும் தளபதியின் கையில் கொடுத்தார்.

"என் தம்பி மகனுக்கு முடி சூட்டுங்கள். சேனை விடியுமுன் மலைக்குத் திரும்பட்டும். இது என் கடைசி ஆணை!"

தளபதி கண்ணீருடன் வணங்கிச் சென்றார். கல்லெழினி அவள் பக்கம் திரும்பினார்.

"மருத்துவர் எனக்கு இரண்டு ஆண்டு கெடு சொல்லியிருக்கிறார். நீ வனத்துக்குத் திரும்பிப் போ. என்னை மணந்தால் இன்னொரு ஐம்பது ஆண்டு துக்கம் காக்க வேண்டி வரும்."

நறுங்கோதை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவருடைய வலது கையைப் பற்றினாள்.

"துக்கம் காத்தே உங்களை ஐம்பது ஆண்டுகள் இழந்தது போதும். குலமுதல்வர் மீது ஆணை! உங்களுக்காக நான் ஒரே ஒரு நாள்தான் துக்கம் காப்பேன். அந்த நாள் வரும்வரை உங்களை விட்டு ஒரு நாழிகையும் பிரியமாட்டேன்."