தாங்கினேன்

காலைச் சங்கு ஊதியதும் ஷெரின் மற்ற பெண்களோடு இயந்திரக் கூடத்துக்குள் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணினி அடுக்குகளுக்குக் குளிர் காற்று. இந்தப் பக்கம், அவற்றைக் கண்காணிக்கும் பெண்களுக்கு, குளிரூட்டிகள் கக்கும் வெக்கை. தூத்துக்குடிக் கடலுக்குள் நின்ற அந்தத் தரவு மேடையில் இயந்திரம் சூடாகக் கூடாது, மனிதர்கள் வேகலாம்.

ஷெரின் கம்பெனிகளுக்காக வேலை செய்யும் ஒரு சட்ட நிறுவனத்தின் வக்கீல். தொழிலாளர் ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர், உடம்பு தாங்குவதை அளக்கும் தாங்குமானியைக் கையில் கட்டிக்கொண்டு ஒரு மாதம் அதன்படி வாழ்ந்துவிட்டு, முடிவில் 'தாங்கினேன்' என்று சொன்னால்தான் அது செல்லும். தாங்குசோதனைச் சட்டம் வந்தபோது நாடே கைதட்டியது. இனி எந்த வக்கீல் கொடுமையான ஷரத்து எழுதுவான் என்று பூரித்துப் போனார்கள். சட்ட நிறுவனங்கள் என்ன செய்தன? கல் மாதிரி உடம்புள்ளவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தன. ஷெரின் கல்லூரியில் நெடுந்தூர ஓட்டக்காரி. ஒப்பந்தத்தின் வாசகம் நிறுவனத்தில் மேலே இருப்பவர்களுடையது. கையெழுத்தும் உடம்பும் இவளுடையவை. இதையும் தாங்கிவிட்டால் பங்குதாரர் ஆகிவிடலாம்.

பக்கத்து இருக்கை மரிய புஷ்பம் தலைசுற்றி மேசையில் சாய்ந்தாள். ஷெரின் தண்ணீரை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"உப்பு ஆலையில ஷிப்டு முடியுற வரைக்கும் கக்கூஸ் போகக் கூடாதுன்னு போட்டியளே, அதுவும் நீங்க தாங்குனதுதான?"

"ஆமா."

"நீங்க தாங்கிட்டு ஊருக்குப் போயிட்டிய. அங்க வேலை பாத்த எனக்குக் கிட்னி போச்சு. ஓடுற உடம்பை வச்சுக்கிட்டு எங்களை எதுக்கு அளக்கிய?"

ஷெரினுக்கு முதலில் புஷ்பத்தின் மேல்தான் கோபம் வந்தது. நான் என்ன ஏமாற்றினேனா? உண்மையாகத்தானே தாங்கினேன்! அந்த உண்மையைத்தான் விற்றுத் தின்றிருக்கிறார்கள் என்று உறைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

மாதக் கடைசியில் சட்ட நிறுவனத் தலைவர் சுந்தரேசன் திரையில் வந்தார்.

"பார்ட்னர் பேப்பர் ரெடிம்மா. சொல்லிட்டுக் கிளம்பு."

"தாங்க முடியலை சார்."

"உன் கையில தாங்குமானி பச்சையா எரியுதேம்மா!"

"அது என் உடம்புக்கு. இதோ இந்தப் புஷ்பம் கையில மாட்டிப் பாருங்க."

"பொய் சொன்னா லைசென்ஸ் போயிடும். அடுத்த மாசம் உனக்குப் பதிலா நம்ம வக்கீல் ரோஷன் வருவான். அவன் தாங்குவான்."

"வரட்டும். நான் இங்கேயே கூலிக்குச் சேர்ந்துட்டேன். அவன் பக்கத்துலயே உக்காந்து, அவன் தாங்குறது யார் தலையில விடியும்னு தினம் சொல்லுவேன். வெட்கங்கெட்ட பிழைப்பு சார் இது!"

தாங்குமானியைக் கழற்றி மேசையில் வீசினாள். அதோடு அவளுடைய வக்கீல் தொழிலும் போனது. கரைக்குப் போகும் படகு சங்கூதிப் பார்த்துவிட்டு அவளில்லாமல் கிளம்பியது.

புஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியைச் சற்று நகர்த்தினாள்.

"இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. அங்க வெக்கை நேரா அடிக்கும்."