ஓம் என்றால் என்ன சிரிப்பு?

"இன்னொரு தடவை!" என்று கத்தினார் இயக்குநர் தாணுமாலயன்.

எட்வேட் மறுபடியும் தன் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சென்னையிலிருந்து வந்திருந்த கதாநாயகன் அவரிடம், "படகு வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டான்.

"ஓம். வாறன், பொறுங்கோ," என்றார் எட்வேட்.

"ஓமா? ஏன்யா, யாகம் வளர்க்கப் போறியா?"

படப்பிடிப்புக்கு வந்திருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எட்வேட்டும் சிரித்தார். ஆனால் அவருடைய உதடு மட்டும்தான் சிரித்தது. அது அவர் மகள் எடித்துக்குத் தெரிந்தது.

வெள்ளாங்குளத்துக்கு அருகிலுள்ள இந்தக் கடற்கரைக்கு அவர்கள் திரும்பி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுச் சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. அதற்கு முன்னால், சண்டை முடிந்ததும், முகாமில் இருந்தார்கள். அங்கே நூறு குடும்பத்துக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அதில் தாணுமாலயனின் படம் ஓடினால் போதும், அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். குடையோடு கிணற்றுக்குள் விழுகிற மாப்பிள்ளையை எடித் எத்தனை தடவை பார்த்திருப்பாள்!

அந்தப் படத்தின் இயக்குநரே இந்தக் கரைக்கு வருகிறார் என்றதும் முதல் ஆளாக ஓடி வந்தவள் அவள்தான். இப்போது ஏன் வந்தோம் என்றிருந்தது.

"அம்மா, இவை அப்பாவைப் பகிடி பண்ணுகினம்!"

"சத்தம் போடாத பிள்ளை. படம்தானே," என்றாள் அம்மா பெற்றிசியா.

"படமெண்டால்? நாங்கள் கதைக்கிறது பகிடியா?"

அம்மா பிடிப்பதற்குள் எடித் பாய்ந்து போய் இயக்குநர் உட்கார்ந்திருந்த கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, நீங்கள் ஆமாம் எண்டுறதை நாங்கள் ஓம் எண்டால் ஏன் சிரிக்கிறீங்கள்?"

"அது காமெடி, பாப்பா. உங்க தமிழ் கேட்க ஜாலியா இருக்கில்ல?"

எடித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட தமிழும் எங்களுக்குப் புதிசுதான்! அதுக்காக நாங்கள் ஒருநாளும் சிரிக்கேல்லை. மாப்பிள்ளை கிணத்துக்க விழுந்ததுக்குத்தான் சிரிச்சனாங்கள்!"

"சரி சரி, கோபப்படாதே. நான் இப்பவே உங்க அப்பாகிட்ட பேசறேன்," என்று எழுந்தார் தாணுமாலயன்.

எடித் இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தாள். "ஏன் அப்பாவைப் பேசுறீங்கள்? அவர் என்ன பிழை விட்டவர்? பேசிறதெண்டால் என்னைப் பேசுங்கோ!"

"உன்கிட்ட பேசிட்டுத்தானே இருக்கேன்!"

"பொய்! நீங்கள் இன்னும் என்னைப் பேசவே இல்லை!"

தாணுமாலயன் திருதிருவென்று விழித்தார். வேடிக்கை பார்க்க வந்த ஊர்ச் சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் பெற்றிசியா ஓடி வந்து விளக்கினாள்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. எங்கட பக்கம் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். பேசிறது எண்டால் ஏசுறது, திட்டுறது."

சிரிப்பு அடங்கவே இல்லை. இயக்குநர் மெதுவாக உட்கார்ந்தார்.

"இப்படி எல்லாரும் சுத்தி நின்னு சிரிச்சா எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு," என்றார். "எனக்கு நாகர்கோவில் பக்கம். சினிமாவுல சேரப் போன முதல் நாள், கூட வேலை செய்யறவனை 'மக்களே'ன்னு கூப்பிட்டேன். எங்க ஊர்ல பாசமா அப்படித்தான் கூப்பிடுவோம். அப்புறம் யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அதைச் சொல்ல வச்சுச் சிரிப்பாங்க. கொஞ்ச நாள்ல எங்க ஊர்ப் பேச்சையே விட்டுட்டேன். நானே இயக்குநர் ஆனப்புறமும் அது திரும்பி வரலை."

"அப்ப ஏன் எங்களுக்கும் அதையே செய்யிறீங்கள்?" எடித்தின் கோபம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

"தப்புத்தான், மக்களே."

அந்தச் சொல் தானாக வந்துவிட்டது. அவரே ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு கேட்டார்: "இப்ப என்ன செய்யலாம், நீயே சொல்லு."

"காட்சியை மாத்துங்கோ. அந்த அண்ணை அப்பாட்ட வந்து 'பேசணும்' எண்டு கேக்கட்டும். முழிக்கிறது அவராய் இருக்கட்டும்."

கதாநாயகனின் முகம் சுருங்கியது. "சார், நான் ஹீரோ!"

"என் படத்துல முழிக்காத ஹீரோ யாருய்யா? போய் நில்லு!" என்றார் தாணுமாலயன். பிறகு எட்வேட்டின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வசனம் எதுவும் கிடையாது. மனசுல என்ன வருதோ அதைச் சொல்லுங்க," என்றார்.

கேமரா ஓடத் தொடங்கியது. கதாநாயகன் மணலில் நடந்து வந்தான்.

"ஐயா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

எட்வேட் வலையைக் கீழே வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, சாப்பிட்டாச்சோ?"

"இ... இல்லீங்க."

"அப்ப வாங்கோ, முதல்ல சாப்பிடுங்கோ. வெறும் வயித்தோட என்னைப் பேசினால் களைச்சுப் போவீங்கள்."

கதாநாயகன் நடிக்காமலே விழித்தான். 'கட்' சொல்ல வேண்டிய தாணுமாலயனோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து மணலில் சரிந்துவிட்டார்.